தரையில் வைக்க மறந்த சென்சார்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தண்ணீர் டம்ளரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது அது தட்டின் விளிம்பில் பட்டுக் கடகடவென்று ஆடியது. "எங்கயோ ராக் பர்ஸ்ட் போல கீது," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். நானும் "ம்" என்றேன். தங்கச் சுரங்கத்துக்கு மேலே, மாரிகுப்பத்தில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. கீழே பாறை வெடித்தால் மேலே பாத்திரம் ஆடும். நாம் பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்போம். ஆறு நாளும் பெங்களூருக்கு வேலைக்கு ரயிலில் நின்றுகொண்டே போய் வந்த அலுப்பு வேறு. அன்றைக்குப் பூமி பிளந்திருந்தாலும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். ஆனால் என் கண் தானாகவே அலமாரிப் பக்கம் போனது. அங்கே அடுக்கியிருந்த டம்ளர்கள் ஒன்றுகூட அசையவில்லை.

தட்டைத் தள்ளி வைத்தேன். கையைக் கழுவிவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தேன். பழைய ரெக்கார்டு நோட்டுகள், அப்பாவின் பென்ஷன் காகிதங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் நாம் காலேஜில் செய்த, மணிக்கட்டில் கட்டும் இரண்டு பட்டைகள். பையைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. ஜிம்மில் கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடியும் உன் வியர்வையும் சால்டரிங் புகையும் கலந்த வாசனை. ஏழு வருஷத்துக்குப் பிறகும் போகவில்லை. கறுப்பு எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. நீ பச்சை நூலில் போட்ட தையல் மட்டும் அப்படியே இருக்கிறது. கறுப்பு நூல் வாங்கி வா என்று சொன்னதற்கு, "பச்சதான் வூட்ல இருந்துச்சு. மெஷினுக்கு இன்னா கண்ணா தெரியும்?" என்று கேட்ட மகராசி நீ.

காகிதத்தில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. உன் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. ஆனால் அது வேறு யாருக்கோ போய்விட்டது; ஆட்டோ பக்கத்தில் ஒருவர் நிற்கிற படம் வருகிறது. அவருக்கு அனுப்பி என்ன செய்ய? காலை ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற நாளில் இரண்டு பக்கம், ஆபீஸில் டிபன் நேரத்தில் ஒரு பக்கம் என்று எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது ரயில்தான், நான் இல்லை.

கடைசி வருஷம் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும் என்றார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பட்டியலில் தானாக எரியும் தெருவிளக்கு, செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் குழாய் என்று வருஷா வருஷம் வருகிறவைதான் இருந்தன. நான் தெருவிளக்கைக் குறித்துக்கொண்டேன். சீக்கிரம் முடிகிற வேலை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. பெங்களூரில் ஒரு கம்பெனி என்னை எடுத்திருந்தது. எல்லாவற்றிலும் தேறி ஜூலையில் போய்ச் சேர வேண்டும். அப்பா போன பிறகு அந்த வேலையை நம்பித்தான் அம்மாவும் நானும் இருந்தோம். இது உனக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாளைக்கு நாலு தடவை நான் அதைப் பற்றிப் புலம்பினால் தெரியாமல் என்ன செய்யும்?

நீ என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தெருவிளக்கை அடித்தாய். "தெரு லைட்ட எவன் வேணா எரிய வெப்பான்டி. எனக்கு ஒண்ணு செஞ்சி குடு."

உனக்கு வேண்டியது எடை தூக்குவதை அளக்கும் ஒரு மெஷின். நம் ஊர் மைசூர் மைன்ஸில், அந்தப் பழைய ஹாலில், முப்பது பையன்களுக்கு நடுவில் பார் தூக்கிய ஒரே பெண் நீ. செப்டம்பரில் ஸ்டேட் மீட். ஆனால் கொஞ்ச நாளாக ஜிம் மாஸ்டர் உன்னைப் பார்த்து "லெஃப்ட் லேட்டு, லெஃப்ட் லேட்டு" என்று கத்திக்கொண்டிருந்தார். வலது கை எழும்பும்போது இடது கை ஒரு நூல் பின்தங்குகிறது என்று அவர் சொன்னார். உனக்கு மூக்கு சிவந்துவிடும். "அவருக்கு கண்ணு மங்கிப்போச்சி. மெஷின் வெச்சி காட்டறேன் பாரு," என்றாய். மாஸ்டரைத் தோற்கடிக்கத் தொடங்கிய ப்ராஜெக்ட் அது. ரிப்போர்ட்டில் 'விளையாட்டு வீரர்களின் நலனுக்காக' என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

இரண்டு மணிக்கட்டுக்கும் இரண்டு பட்டை. ஒவ்வொன்றிலும் நகம் அளவுக்கு ஒரு சென்சார். கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக அசைகிறது என்று அது சொல்லும். இடுப்பில் ஒரு சின்னப் பையில் போர்டும் பேட்டரியும். நீ பாரைத் தூக்கினால் லேப்டாப்பில் இரண்டு கோடு எழும்பும்: வலது கைக்கு நீலம், இடது கைக்குச் சிவப்பு. இரண்டும் ஒட்டிக்கொண்டு போனால் சரி. ஒன்று விலகினால் பஸ்ஸர் கத்தும். சொல்ல எளிதாக இருக்கிறது. முதல் பத்து நாள் நீ சும்மா நின்றாலே அந்த மெஷின் நீ வானத்தில் ஏறிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. நான் அழுதே விட்டேன். நீ வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, "பறக்கறனா? நல்லதுதானே, விடு," என்றாய்.

பிறகு ஒரு சாயங்காலம் வேலை செய்தது. நீ பாரைத் தலைக்கு மேலே நிறுத்தியிருந்தாய். அப்போது பார்த்துக் கீழே எங்கோ தொம்மென்று ஒரு சத்தம். மைன்ஸை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் உள்ளே தண்ணீர் ஏறுவதும் பாறை வெடிப்பதும் நின்றபாடில்லை. ஜன்னல் கதவு ஆடியது. சுவரில் சாய்த்து வைத்த இரும்பு ப்ளேட்டுகள் கிணுகிணுத்தன. லேப்டாப்பில் நீலமும் சிவப்பும் ஒரே நேரத்தில் துள்ளி அடங்கின. நீ அசையாமல் நின்றாய், மூன்று எண்ணினாய், பிறகு பாரைக் கீழே விட்டுவிட்டு "அஷ்டே" என்றாய். அவ்வளவுதான் என்பதை நீ ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை. எதை முடித்தாலும் கன்னடத்தில் அந்த ஒரு அஷ்டேதான். ராக் பர்ஸ்டையே பிடித்த மெஷின் என்று அன்றைக்கு வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வாரத்திலிருந்துதான் அந்தத் தொல்லை. நீ பாரைப் பிடித்துச் சும்மா நிற்கும்போதே சிவப்புக் கோட்டில் ஒரு நடுக்கம். மெல்லியதாக, விடாமல். பஸ்ஸர் கத்திக்கொண்டே இருந்தது. இடது பட்டையில் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பட்டைகளை மாற்றிக் கட்டிப் பார்த்தேன். அப்போதும் உன் இடது கைக் கோடுதான் நடுங்கியது. ஆக சென்சார் நன்றாகத்தான் இருந்தது. மிச்சம் இருந்தது இரண்டு: உன் கை, இல்லாவிட்டால் தரை.

"பூமிடி," என்றாய் நீ. "நம்ம ஊர்ல எது ஆடலை? உள்ள தண்ணி ஏறிக்கினே கீது. சின்னச் சின்னதா ஆடிக்கினேதான் இருக்கும்."

"அப்ப லெஃப்ட்டு மட்டும் ஏன் ஆடுது?"

"கீழ பாரு. லெஃப்ட்டு கால் கிட்ட சிமெண்ட்டு விரிஞ்சி கீது. ஷாஃப்ட் இருக்கற பக்கம் அதுதானே?"

பார்த்தேன். விரிசல் இருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டும் அந்தப் பக்கம்தான். எனக்கு அது போதுமாக இருந்தது. வேறு ஊர்க்காரி யாராவது அங்கே நின்றிருந்தால் முதலில் உன் கையைத்தான் பிடித்துப் பார்த்திருப்பாள். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். ராக் பர்ஸ்ட் வந்த அன்றைக்கு இரண்டு கோடும் சேர்ந்துதான் துள்ளின. அதை என் கண்ணாலேயே பார்த்தவள் நான். அதுகூட அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

இடது கையிலிருந்து வரும் சின்ன நடுக்கத்தைத் தரையின் நடுக்கம் என்று கழித்துவிடும்படி ப்ரோக்ராமில் ஒரு வரி எழுதினேன். அந்த வரிக்கு 'ஊரு' என்று பெயர் வைத்தேன். உனக்குப் பெயர் ரொம்பப் பிடித்துப்போனது. போட்டதும் பஸ்ஸர் வாயை மூடிக்கொண்டது. சிவப்புக் கோடு நீலத்தோடு ஒட்டிக்கொண்டு அழகாக எழும்பியது. மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினாய். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மெஷின் சொல்லுதா? அப்ப சரிதான்மா," என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் லெஃப்ட் லேட்டு என்று கத்தவில்லை.

அந்த நாட்களில்தான் நீ டீக்கடையில் அரை கிளாஸ் கேட்க ஆரம்பித்தாய். முன்பெல்லாம் என் டீயிலும் பாதியைப் பறித்துக் குடிக்கிறவள். கிளாஸை வலது கைக்கு மாற்றிக்கொண்டாய். நான் அதைப் பார்த்தேன். "இன்னாடி, வெயிட் ஏறிப்போச்சா? டயட்டா?" என்று கிண்டல் செய்தேன். "ஆமா, நீ ஊட்டி விடு, ஏறட்டும்," என்றாய். இரண்டு பேரும் சிரித்தோம். முழு கிளாஸ் பிடித்தால் டீ சிந்தும் என்பதுதான் காரணம் என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது.

ப்ராஜெக்டைப் பார்த்து மார்க் போட வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். தெருவிளக்கும் தண்ணீர்க் குழாயும் பார்த்துக் களைத்துப்போயிருந்தவர் நம் மேஜைக்கு வந்ததும் நிமிர்ந்தார். 'ஊரு' வரியைக் காட்டி இது என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் நிலம் ஆடும் சார் என்று நான் தொடங்கினேன். நீ இடையில் புகுந்து, சின்ன வயதில் தொட்டில் தானாக ஆடும், அம்மாக்களுக்கு வேலை மிச்சம் என்று அளந்துவிட்டாய். அவர் வாய்விட்டுச் சிரித்தார். இருக்கும் இடத்தைப் புரிந்துகொண்டு செய்த வேலை என்று பாராட்டினார். அன்றைக்கு நம் வகுப்பிலேயே அதிக மார்க் நமக்குத்தான்.

இப்போது சொல்லப்போவதை உன்னிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் அடுத்த மேஜைக்குப் போன பிறகு நீ இன்னும் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, பாருக்குப் பதில் கட்டைக் கழியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாய். நான் லேப்டாப்பில் 'ஊரு' கழிக்காத எண்கள் ஓடும் பக்கத்தைத் திறந்தேன், சும்மாதான். இடது கை எண்கள் ஆடிக்கொண்டிருந்தன. நம் கல்லூரி இருந்தது வேறு ஊரில். அங்கே மைனும் இல்லை, ஷாஃப்டும் இல்லை. அது மாடி அறை. தரையில் ஒரு கீறல்கூட இல்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேனாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லேப்டாப்பை மூடினேன். நிமிர்ந்தபோது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "முடிஞ்சிச்சா?" என்றாய். "முடிஞ்சிச்சு," என்றேன். "அஷ்டே," என்று பட்டையைக் கழற்றினாய்.

ஜூலையில் நான் வேலைக்குப் போனேன். செப்டம்பரில் நீ ஸ்டேட் மீட்டுக்குப் போனாய். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டாவது முயற்சியில் பார் உன் இடது பக்கம் சரிந்து விழுந்ததை உன் அண்ணன் போனில் சொன்னான். "கை வுட்டுச்சி," என்று நீ ஒரே வரியில் மெசேஜ் அனுப்பினாய். பிறகு கோலார், அங்கிருந்து பெங்களூர் என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தீர்கள். நரம்பு சம்பந்தமான நோய். வாயில் நுழையாத அதன் பெயரை உன் அண்ணன் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தான், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவான். மருந்தால் திரும்புகிற நோய் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எப்போதிலிருந்து இந்த நடுக்கம் என்று டாக்டர் கேட்டாராம். நீ தெரியாது என்றாயாம். என் லேப்டாப்பில் அது இருந்தது. தேதியோடு, மணியோடு, நொடி நொடியாக இருந்தது. நான் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. முன்னாலேயே தெரிந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று அந்த டாக்டர் உன் அண்ணனிடம் சொன்னதை நான் ஒரு கயிறுபோலப் பிடித்துத் தொங்கினேன். மாறியிருக்காது, சரி. ஆனால் அந்தச் சில மாதங்கள் நீ அதைத் தனியாகச் சுமந்தாய். டீக்கடையிலும் ஜிம்மிலும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன் நான்.

முதலில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் உன் வீட்டுக்கு வந்தேன். பிறகு ஒன்று விட்டு ஒன்று. பிறகு மாதம் ஒரு தடவை. ரயில் அலுப்பு என்று சொல்லிக்கொண்டேன். அதில் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. உன் கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கடைசியாக வந்தபோது புத்தர் படத்துக்குக் கீழே கட்டிலைப் போட்டிருந்தார்கள். உன் பேச்சு குழறியது. நீ சொன்னதை உன் அண்ணன் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. "மெஷின் எங்க?" என்று கேட்டாய். வீட்டில் இருக்கிறது என்றேன். "வெச்சிக்கோ. தூக்கிப் போட்றாத," என்றாய். அப்போது கேட்டிருக்கலாம், உனக்கு முதலிலேயே தெரியுமா என்று. உன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கிளம்பினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். அன்று ஞாயிறு, எனக்கு எந்த ரயிலும் இல்லை.

உன்னை எடுத்த அன்றைக்கு உன் அண்ணன் புத்தம் சரணம் என்று திரிசரணம் சொல்ல, நாங்கள் எல்லோரும் பின்னால் சொன்னோம். மாஸ்டர் வந்திருந்தார். உன் இடது கையை எடுத்து உன் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, என் கண்ணு சரியாதான் இருந்திச்சு என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அதிலிருந்து உன்மேல் எனக்குக் கோபம். உண்மையாகவே கோபம். தரை ஆடுகிறது என்று முதலில் சொன்னது நீ. நான் முட்டாளா, நீ திருடியா என்று நின்றுகொண்டே வருகிற ரயிலில் எத்தனையோ நாள் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். பதில் இல்லாத சண்டை எவ்வளவு களைப்பு என்று உனக்குத் தெரியாது.

போன ஞாயிறுக்கு வருகிறேன். பேட்டரி செத்துப்போயிருந்தது. கேபிளைச் சொருகி லேப்டாப்பிலிருந்தே உயிர் கொடுத்தேன். பழைய ப்ரோக்ராம் என் மெயிலில் கிடந்தது. திறந்து 'ஊரு' என்று எழுதியிருந்த வரியை அழித்தேன். ஒரு வரிதான், அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு பட்டையை அம்மாவின் மணிக்கட்டில் கட்டினேன். "இன்னாடி இது, வாட்ச்சா?" என்றாள். இன்னொன்றை வழக்கம்போல அவளுடைய மறு கையில் கட்டப்போனவள் நிறுத்தினேன். குனிந்து, அதைச் சிமெண்ட் தரையில் வைத்தேன்.

நம் இரண்டு பேருக்கும் அன்றைக்கு இது தோன்றவில்லையே. தரைமேல் பழியைப் போட்டோம், ஆனால் தரையில் ஒரு சென்சார் வைத்துப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். நான்கு வருஷம் படித்த நமக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் இந்த ஊர் ஆடும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

தரையின் கோடு நேராகக் கிடந்தது. அம்மாவின் கோடு நடுங்கியது.

"பூமி ஆடலமா," என்றேன்.

அம்மா பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்," என்றாள்.

"தெரிஞ்சா ஏன் ராக் பர்ஸ்ட்டுன்ன?"

"வேற இன்னா சொல்ல சொல்ற? இருட்டோட எழுந்து போற. வந்தா நிக்க முடியாம வர்ற. செருப்ப கழட்டறதுக்கு முன்னாலயே கண்ணு சொருவுது. இதுல எங்கைய வேற உனுக்கு காட்டணுமா?"

"எத்தினி நாளா?"

"தீவாளிக்கு முறுக்கு புழியறப்பவே இருந்துச்சு." பட்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீயும் கேக்கல."

அம்மாவின் குரலில்தான் அது என் காதில் விழுந்தது. ஆனால் இத்தனை வருஷமாக உன்னிடம் நான் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதில் அது. உன் கை சரியில்லை என்று நீ சொல்லியிருந்தால் ப்ராஜெக்ட் நின்றிருக்கும். வேறொன்று தொடங்க நாள் இல்லை. என் ஜூலை போயிருக்கும். ஸ்டேட் மீட் உனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மாடி அறையில் நான் லேப்டாப்பை மூடியபோது நீ பார்த்த பார்வை இப்போது எனக்குப் புரிகிறது. நான் பார்த்துவிட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. கேட்பேனா என்று நின்றிருக்கிறாய். கேட்டால் சொல்லியிருப்பாய். நான் முடிஞ்சிச்சு என்றேன்.

கோபம் போய்விட்டது. அது இருந்தபோது எதையோ பிடித்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. இப்போது வெறும் களைப்புதான், அழக்கூடத் தெம்பில்லை.

திங்கட்கிழமை லீவு சொன்னேன். மேனேஜர் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. அம்மாவைப் பஸ்ஸில் கோலாருக்குக் கூட்டிப்போனேன். பையில் இரண்டு பட்டைகளும் லேப்டாப்பும், பெரிய ஆராய்ச்சிக்காரி மாதிரி. டாக்டரம்மா சின்ன வயது. கன்னடத்தில் கையை நீட்டச் சொன்னார். மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அம்மாவின் நீட்டிய விரல்களின்மேல் வைத்தார். தாள் படபடவென்று ஆடியது. அவர் பார்த்துக்கொண்டார், எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் பரிசோதனை. நான் பையைத் திறக்கவே இல்லை. நம் ரெக்கார்டு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்திருந்தால் போதும் அன்றைக்கு.

எப்போதிலிருந்து என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "தீபாவளிக்கு முன்னாடியிருந்து," என்று நான் சொன்னேன். உன் டாக்டருக்கு நான் கொடுக்காத பதிலை இங்கே அம்மாவுக்காகக் கொடுத்தேன். தைராய்டாக இருக்கலாம், அப்படியானால் மாத்திரையில் அடங்கிவிடும் என்றார். ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே பயப்படுகிறோம்.

பட்டைகளைத் திரும்பவும் தகரப் பெட்டியில் போடவில்லை. டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில், தினமும் கொண்டுபோகும் பையிலேயே கிடக்கின்றன. எதற்கு என்று தெரியவில்லை. தூக்கிப் போடாதே என்றாய், அதனால் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ரயிலில் பக்கத்தில் நிற்கிறவர்களின் கையை எல்லாம் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. நேற்று ஒரு பெண்ணிடம் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டேன். தூக்கம் இல்லை என்று சிரித்தாள்.

அன்றைக்குக் கோலார் ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு டீக்கடை இருந்தது. "எனுக்கு அரை கிளாஸ் போதும்," என்றாள் அம்மா.

கடைக்காரர் அரை கிளாஸ் ஊற்றப் போனார். நான் முழு கிளாஸ் கொடுங்கள் என்றேன். அம்மா என்னை முறைத்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கினாள். கிளாஸ் ஆடியது. நான் அடியில் கை கொடுத்தேன். சூடு உள்ளங்கையில் ஏறியது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டுக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

உனக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான். அஷ்டே.